வேல்பாண்டி அண்ணனின் ஓசிப் பயணம்

வெள்ளைத்தாய் சித்தி வெற்றிலை வைத்திருக்கும் பை ஒரு விமானக் கம்பெனியுடையது. சாம்பல் நிறம், ஓரத்தில் தோல் பட்டை, உள்ளே சின்னச் சின்ன அறைகள். வானத்தில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போகிறவர்களுக்குப் பல்துலக்கியும் காலுறையும் போட்டுக் கொடுக்கிற பை. சித்தி ஒரு அறையில் பாக்கும் ஒரு அறையில் சுண்ணாம்பு டப்பாவும் ஜிப் வைத்த அறையில் ரேஷன் கார்டும் வைத்திருக்கிறார். எங்கள் தெருவில் இந்த மாதிரிப் பைகள் வீட்டுக்கு வீடு உண்டு. ஒன்றில் ஊசி நூல் இருக்கும், ஒன்றில் பிரஷர் மாத்திரை, ஒன்றில் பம்பரம். ராஜபாளையத்தில் வேறு எந்தத் தெருவிலும் இதைப் பார்க்க முடியாது. எல்லாம் வேல்பாண்டி அண்ணன் கொண்டுவந்து கொடுத்தவை.

அண்ணனுக்குச் சேத்தூர். நெல்லும் தென்னையுமாக இருந்த குடும்பம். பி.காம். முடித்ததும் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் ஏற்றுமதிப் பிரிவில் சேர்ந்துவிட்டார். நூல் கப்பலேறுவதற்கான தாள்களைத் தயாரிக்கிற வேலை. இஸ்மிர், பூசான், சிட்டகாங், அலெக்சாந்திரியா என்று பகல் முழுக்க ஊர்ப் பெயர்களாக டைப் அடித்துக்கொண்டிருப்பார். அந்த ஊர்களுக்கெல்லாம் போகவேண்டும் என்று அப்போதே ஆசை வந்துவிட்டதா என்று யாரோ கேட்டதற்கு, "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. ஸ்பெல்லிங் தப்பாப் போயிரக் கூடாதுன்னுதான் நினைப்பு" என்றார்.

2011இல் ஒரு நாள், அவசரமாகச் சென்னைத் துறைமுகத்தில் கொடுக்கவேண்டிய தாள் ஒன்றோடு மில்காரர்கள் அவரை மதுரையிலிருந்து விமானத்தில் அனுப்பினார்கள். முதல் பயணம். எல்லோரும் சன்னல் வழியாக மேகம் பார்ப்பார்கள். அண்ணன் முன்சீட்டின் பைக்குள் இருந்த புத்தகத்தை எடுத்து, அதன் கடைசிப் பக்கத்தில் எறும்பு மாதிரி ஊர்ந்த எழுத்துகளைப் படித்தார். சின்ன எழுத்தைப் படிப்பதற்குத்தான் மில்லில் அவருக்குச் சம்பளம். சென்னையில் இறங்குவதற்குள் ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டது. மைல் என்பது விமானக் கம்பெனி தன் பயணிகளின் கணக்கில் வரவு வைக்கிற சலுகைப் புள்ளி; பறந்தால்தான் அது சேரும் என்பதில்லை. கடையில் கிரெடிட் கார்டைத் தேய்த்தால் பாயிண்ட் கிடைக்கும். பாயிண்டை விமானக் கம்பெனிக்கு மாற்றினால் மைல். மைலைக் கொடுத்தால் சீட்டு.

ஆனால் மில் சம்பளத்தில் எவ்வளவு தேய்க்க முடியும்? அரிசியையும் பாலையும் தேய்த்துச் சேர்த்தால் கோவில்பட்டி வரைக்குமான மைல்கூடத் தேறாது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் எங்கள் ஊரில் அவருக்குப் 'பாயிண்டு பாண்டி' என்று பெயர் வாங்கிக் கொடுத்தது.

தென்காசி ரோட்டில் பால்ச்சாமியின் நகைக்கடை. பால்ச்சாமி அண்ணனோடு கல்லூரியில் படித்தவர். வெள்ளைத்தாய் சித்தி மூத்த மகள் கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போனபோது அண்ணனும் கூடப் போனார். சித்தி மடியிலிருந்து பணத்தை எடுக்கும் முன்னால் இவர் கார்டை நீட்டிவிட்டார்.

"ஏய்யா பாண்டி, எம் மக நகைக்கு நீ எதுக்குப் பணம் கட்டுத?"

"நான் கட்டல சித்தி, கார்டு கட்டுது. நீங்க அந்தப் பணத்தை என் கையில குடுத்திருங்க. நான் பேங்குல போட்டிருவேன்."

"அதுல உனக்கு என்ன வரும்?"

"பாயிண்டு."

"அதை வச்சு?"

"ஜப்பானுக்குப் போவேன்."

சித்தி பால்ச்சாமியைப் பார்த்தார். "ஏலே பால்ச்சாமி, இவன் மில்லுல பஞ்சு ஏதும் மூளைக்குள்ள போயிட்டா?"

"அவன் அப்படித்தான் அத்தே. நீங்க வளையலப் பாருங்க" என்றார் பால்ச்சாமி.

மறு வருஷம் அண்ணன் நிஜமாகவே ஜப்பான் போய்விட்டு வந்து, சித்தி கையில் அந்தச் சாம்பல் நிறப் பையைக் கொடுத்தார். அதற்குப் பிறகு தை மாசமும் ஆவணி மாசமும் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. நகை எடுக்க, பட்டு எடுக்க, ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டில் பீரோ எடுக்க, ஃப்ரிட்ஜ் எடுக்க என்று எல்லா வீட்டிலும் தாய்மாமனுக்கு அடுத்து அவரைத்தான் கூப்பிட்டார்கள். ஒரு பைசா கமிஷன் வாங்கமாட்டார். கடைக்காரர் கொடுக்கிற கலரைக் குடித்துவிட்டுக் கார்டைத் தேய்ப்பார்.

2012இல் 'ஓசிப் பயணம்' என்று தமிழில் ஒரு வலைப்பூ ஆரம்பித்தார். அந்தப் பெயர் அவர் மனைவிக்குப் பிடிக்கவே இல்லை. வெங்கடேஸ்வரி டீச்சர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. "ஓசின்னு எழுதி வச்சா ஸ்டாஃப் ரூம்ல என்ன நினைப்பாவ?" என்று ஒரு மாசம் பேசாமல் இருந்தார். ஆனால் பெயர் நின்றுவிட்டது. எந்த கார்டை வாங்கலாம், எந்த பேங்க் எப்போது பாயிண்டைக் கூட்டித் தருகிறது, மைலை எந்தக் கம்பெனிக்கு மாற்றினால் லாபம் என்று வாராவாரம் எழுதினார். சாத்தூரிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் சிகாகோவிலிருந்தும் கேள்விகள் வந்தன. பனிமலை லே முகாமிலிருந்து தேவதானத்துப் பட்டாளக்காரர் ஒருவர் லீவுக்கு வர வழி கேட்டிருந்தார். எல்லோருக்கும் பதில் சொன்னார். விளம்பரக் காசு கொஞ்சம் வர ஆரம்பித்ததும் மில் வேலையை விட்டார். மேஜையும் கம்ப்யூட்டருமாக வீட்டு மாடியறைதான் அலுவலகம்.

அந்தப் பழைய பதிவுகளை இப்போது படித்தாலும் நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் அது யார் வீட்டு விசேஷத்தில் கிடைத்தது என்று தலைப்பிலேயே எழுதியிருப்பார். 'டோக்கியோ: வெள்ளைத்தாய் சித்தி மகள் வளையல்.' 'சிங்கப்பூர்: அழகுத்தாய் மதினி வீட்டு ரெண்டு ஏ.சி.' 'ஃபிராங்பர்ட்: வன்னியம்பட்டி முத்துராமலிங்கம் மாமாவின் டிராக்டர் முன்பணம்.' ஃபிராங்பர்ட் பதிவைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட முத்துராமலிங்கம் மாமா, "நம்ம டிராக்டர் அம்புட்டு தூரம் போயிருக்கு, பாத்தியா" என்று டீக்கடையில் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஊரில் யாருக்கும் தாங்கள் எதையோ கொடுத்தோம் என்ற நினைப்பு இல்லை. எல்லோரும் கொஞ்சம் போய்விட்டு வந்த மாதிரிதான் இருந்தது.

டீச்சர் மட்டும் எந்தப் பதிவிலும் இல்லை.

அதற்கு ஒரு தொழில் காரணம் உண்டு. விமானக் கம்பெனி தன்னால் விற்கமுடியாது என்று நினைக்கிற சீட்டைத்தான் மைலுக்குக் கொடுக்கும். படுத்துக்கொண்டு போகிற வகுப்பில் அப்படி ஒரு நாளைக்கு ஒரு சீட்டு விடுவதே அபூர்வம். அண்ணன் காலையில் எழுந்ததும் முகம் கழுவாமல் அதைத்தான் தேடுவார். கிடைத்துவிட்டால் மாடியிலிருந்து சத்தம் வரும்.

"ஏட்டி வெங்கடேசு, ஜூரிச் கிடைச்சிருச்சு!"

"எத்தனை சீட்டு?"

"ஒத்தச் சீட்டுதான். அடுத்த தடவை பாப்போம்."

டீச்சர் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். மகள் சின்னவளாக இருந்தபோது அது ஒரு குறையாகத் தெரியவில்லை. பிள்ளையை விட்டுவிட்டு எப்படிப் போவது? மகள் கோயம்புத்தூரில் கல்லூரிக்குப் போன பிறகும் அண்ணனுக்குக் கிடைத்ததெல்லாம் ஒத்தச் சீட்டாகவே இருந்தது. வலைப்பூவில், "அண்ணி வரலையா?" என்று கேட்பவர்களுக்கெல்லாம், "அடுத்த தடவை" என்றுதான் பதில் எழுதியிருக்கிறார்.

ஒத்தச் சீட்டு இல்லாமல் இரண்டு சீட்டு எப்போதும் கிடைக்கக்கூடிய இடமும் இருந்தது. விமானத்தின் பின்பகுதி, சாதாரண வகுப்பு. ஆனால் மைலைச் சாதாரண வகுப்பில் செலவழிப்பது மைல் சேர்க்கிறவர்கள் உலகத்தில் மகா பாவம். பட்டுப்புடவையைக் கரித்துணிக்குக் கிழிக்கிற மாதிரி என்று அண்ணனே ஒரு பதிவில் எழுதியிருந்தார்.

அந்தக் காலம் மெதுவாக முடிந்தது. நகைக்குப் பாயிண்ட் இல்லை என்று ஒவ்வொரு பேங்காகச் சொன்னது. ஒரு சீட்டுக்கு வேண்டிய மைல் வருஷா வருஷம் ஏறியது. படிக்கிறவர்கள் குறைந்து, செல்போனில் அரை நிமிஷ வீடியோ பார்க்கிறவர்கள் கூடினார்கள். பால்ச்சாமி கடைக்குக் கல்யாண வீட்டுக்காரர்கள் அண்ணன் இல்லாமலே வர ஆரம்பித்தார்கள். கடைசியாக ஒரு பெரிய சேமிப்பு மட்டும் அவரிடம் இருந்தது.

கல்யாணமாகி இருபத்தைந்தாவது வருஷம் நெருங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த டீச்சர் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"மே லீவுல நானும் வாரேன்."

"எங்க?"

"இஸ்தான்புல்லுக்கு. ரெண்டு கண்டத்துல இருக்கிற ஊருன்னு இருவது வருசமாப் பிள்ளையளுக்குச் சொல்லுதேன். பாதி ஊரு ஆசியா, பாதி ஊரு ஐரோப்பா, நடுவுல கடலு. ஒரு தடவை இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்குப் போயிட்டு வரணும்."

அவர் இவரிடம் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணன் எல்லாக் கம்பெனிகளையும் சலித்துப் பார்த்தார். சென்னையிலிருந்து வளைகுடா வழியாகப் போகிற ஒன்றில் படுக்கை வகுப்பில் வியாழக்கிழமை ஒரு சீட்டு, வெள்ளிக்கிழமை ஒரு சீட்டு. திரும்பி வர இரண்டு சீட்டு ஒன்றாகவே கிடைத்தது. மைல்காரக் குடும்பங்களில் இது சகஜம். புருஷன் ஒரு நாள், பொண்டாட்டி ஒரு நாள் என்று தனித்தனியாகப் பறந்து ஓட்டல் வாசலில் சந்தித்துக்கொள்வார்கள்.

"முதல் நாள் நீ போ. மறுநாள் நான் வந்து சேந்துருதேன்."

"நான் தனியாவா?"

"ஒரு ராத்திரிதானே. ஏர்போர்ட்டுல ஓட்டல் வண்டி வந்து கூப்பிட்டுக்கிடும்."

டீச்சர் யோசித்துவிட்டுச் சரி என்றார். பாஸ்போர்ட், விசா எல்லாம் வந்தது. ஸ்டாஃப் ரூமில் சொல்லி ஒரு பெட்டி கடன் வாங்கினார். இருவரும் பொதிகை ரயிலில் சென்னைக்குப் போனார்கள்.

டீச்சரின் விமானம் அன்று சாயங்காலம். எழும்பூரில் ஒரு ஓட்டலில் காலைப் பொங்கலைச் சொல்லிவிட்டு, பழக்கம் விடாமல் அண்ணன் செல்போனில் தேடினார். டீச்சர் போகிற அதே விமானத்தில், அதே வகுப்பில், இன்னொரு சீட்டு திறந்திருந்தது. டீச்சரின் சீட்டுக்கு அடுத்த சீட்டு. கடைசி நேரத்தில் விற்காததை இப்படி விடுவார்கள்.

"ஏட்டி, பக்கத்துச் சீட்டுட்டி! ரெண்டு பேரும் ஒண்ணாப் போறோம்!"

சப்ளையர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். அந்தச் சீட்டை எடுக்க மைல் வேண்டும். இருந்த மைல் எல்லாம் நாலு சீட்டில் முடங்கியிருந்தது. வெள்ளிக்கிழமைச் சீட்டை ரத்து செய்தால் மைல் அந்த நிமிஷமே கணக்கில் திரும்ப வந்து விழும். அவர் எத்தனையோ தடவை செய்தது. ஆனால் புதுச் சீட்டு கைக்கு வராமல் பழைய சீட்டை விடவே கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவர் எழுதிய பதிவில் முதல் விதியாகவே இருந்தது. கார்டில் மிச்சம் கிடக்கிற பாயிண்டை மைலாக மாற்றிக்கொண்டு பிறகு ரத்து செய்யவேண்டும். அதற்கு அரை நாள் ஆகும். அதற்குள் பக்கத்துச் சீட்டு போய்விடுமே.

ரத்து செய்தார்.

மைல் வரவில்லை. திரையை இழுத்து இழுத்து விட்டார். பொங்கல் ஆறியது. டீச்சர் தன் வடையைச் சாப்பிட்டு முடித்து, அண்ணனுடைய வடையை அவர் பக்கம் தள்ளி வைத்தார். கம்பெனிக்குப் போன் போட்டால், ஏதோ புது முறைக்கு மாறியிருக்கிறார்களாம், திரும்பி வர இரண்டு மூன்று நாள் ஆகும் என்று ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள். அவர் விட்ட வெள்ளிக்கிழமைச் சீட்டு அதற்குள் வேறு யாருக்கோ போயிருந்தது. மத்தியானம் பார்த்தபோது பக்கத்துச் சீட்டும் இல்லை.

"இப்ப என்ன செய்ய?" என்றார் டீச்சர்.

"உன் சீட்டையும் ரத்து பண்ணிருவோம். நவம்பர்ல நல்லாக் கிடைக்கும்."

"நவம்பர்ல எனக்கு லீவு ஏது? துட்டு குடுத்து வாங்கினா டிக்கெட் கிடைக்காதா? பின்னாடி சீட்டா இருந்தாலும் சரி."

அண்ணன் விலையைப் பார்த்தார். "இதுக்குப் போயி யாராவது அம்புட்டு ரூவா குடுப்பாங்களா வெங்கடேசு? அநியாயம்."

வீட்டில் பணம் இல்லாமல் இல்லை. டீச்சருக்கு அது தெரியும். கைப்பையைத் திறந்து பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"என் டிக்கெட் இருக்குல்லா? நான் போயிட்டு வாரேன்."

"அஞ்சு நாளும் தனியாவா?"

"நீங்க எம்புட்டு தடவை போயிருக்கீய."

விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவுக்குள் போகும்போது டீச்சர் திரும்பிக் கையாட்டினார். வழக்கமாக உள்ளே போகிறவர் அண்ணன்தான் என்பதால், எங்கே நின்று பார்த்தால் கடைசிவரை தெரியும் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு தூண் மறைத்துவிட்டது.

மறுநாள் அவர் எங்கள் தெருவுக்குள் பையோடு நுழைந்தபோது வெள்ளைத்தாய் சித்தி வாசலில் இருந்தார்.

"என்னய்யா, பொண்டாட்டிய ஏத்தி விட்டுட்டு நீ இறங்கிட்டியா?"

"சீட்டு கிடைக்கல சித்தி."

"ஒனக்கே கிடைக்கலையா? அப்ப அவ கெட்டிக்காரி."

பால்ச்சாமி இன்னும் மோசம். "மாப்ள, ஊரு பூரா நகையத் தேய்ச்ச. ஒத்த டிக்கெட்டுக்குச் சொந்தத் துட்டு எடுக்க உனக்குக் கை வரல." விளையாட்டாகத்தான் சொன்னார்.

அந்த ஐந்து நாளும் அவர் மாடியறைக்குப் போகவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். பால் பொங்கி அடுப்பில் வழிந்ததைத் துடைத்தார். செல்போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே குளிக்கப்போய்த் திரும்பி வந்து வெளியே வைத்தார். டீச்சர் ஒரு நாளைக்கு ஒருதரம் பேசினார். "நல்லாருக்கு. சாப்பிட்டேன். இங்க ஒரே சத்தமாருக்கு, பொறவு பேசுதேன்." அவ்வளவுதான். எத்தனையோ ஊரிலிருந்து இவர் பேசிய பேச்சும் அதே நீளம்தான். மூன்றாவது நாள் மைல் திரும்பி வந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்கிறார்.

டீச்சர் நிறம் கறுத்து, குரல் கட்டி, சந்தோஷமாக வந்து இறங்கினார். படுக்கை வகுப்பில் எப்படித் தூக்கம் வந்தது என்று கேட்டதற்கு, "யாரு தூங்கினா? மேப்புல பாத்த கடலு எல்லாம் கீழ போய்க்கிட்டு இருந்துச்சு" என்றார். ஒரு வாரம் கழித்து அவரே ஒரு பதிவு எழுதி மாடியறைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார். அதில் சீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. முழுக்க அந்தப் படகுதான். ஆசியக் கரையிலிருந்து ஐரோப்பாக் கரைக்கு நம்ம டவுன் பஸ் மாதிரி ஓயாமல் ஓடுகிற படகு. ஒரு நாள் முழுக்க அதிலேயே போய்ப் போய்த் திரும்பி வந்திருக்கிறார். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா எள் ஒட்டிய வளைய ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தாள், பாஷை தெரியாமலே மகளைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தார். நடுவில் ஒரு வரி: 'என் வீட்டுக்காரர் வந்திருந்தால் இந்தப் படகுக்கும் பாயிண்ட் உண்டா என்று கேட்டிருப்பார். வந்திருக்கலாம். கேட்டிருக்கலாம்.'

அந்த வலைப்பூவில் அதிகம் பேர் படித்தது அதைத்தான். "அண்ணி, நீங்களே எழுதுங்க" என்று பழைய வாசகர்கள் எல்லாம் திரும்பி வந்து சொன்னார்கள். அண்ணன் யாருக்கும் பதில் எழுதவில்லை.

காலாண்டுத் தேர்வு லீவுக்கு முன்னால் அவர் பால்ச்சாமி கடையில் போய் உட்கார்ந்தார்.

"மதுரையில இருந்து கொழும்புக்கு ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கேன்."

"எம்புட்டு பாயிண்டு?"

"பாயிண்டு இல்ல. துட்டு."

பால்ச்சாமி எடைத் தட்டைக் கீழே வைத்தார். "ஏலே, உடம்பு ஏதும் சரியில்லையா?"

"பக்கத்துப் பக்கத்துச் சீட்டு. அதுக்குத் தனியாக் காசு கேட்டான். அதையும் குடுத்தேன்."

மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட இல்லை. சின்ன விமானம். ஒரு பக்கத்துக்கு மூன்று சீட்டு, முழங்கால் முன்சீட்டில் முட்டும். டீச்சருக்குச் சன்னல். அண்ணனுக்கு நடுச்சீட்டு. அந்தப் பக்கம் ஒரு தடித்த வியாபாரி கைப்பிடி முழுவதையும் எடுத்துக்கொண்டார். அண்ணன் பழக்கத்தில் சீட்டின் அகலத்தைச் சாணால் அளந்து, இந்தக் கம்பெனியில் போன வருஷம் இன்னும் ஒரு இஞ்ச் கூட இருந்தது என்று ஆரம்பித்தார்.

"செத்த நேரம் பேசாம வாங்க" என்றார் டீச்சர். "கடல் வந்திருச்சு."

கீழே நீலத்துக்கு நடுவில் வெளுத்த மணல் திட்டுகள் ஒரு வரிசையாக, விட்டு விட்டுப் போய்க்கொண்டிருந்தன. கரும்பலகையில் வருஷா வருஷம் இரண்டு நாட்டுக்கும் நடுவில் தான் புள்ளி வைத்துக் காட்டியதை டீச்சர் கண்ணாடியில் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"அந்தா, அதுதான் நம்ம கரை. இங்க பாருங்க, திட்டு. இது ஒண்ணு. இன்னொண்ணு."

"எங்க? எனக்குத் தெரியலையே."

"நடுவுல உக்காந்துகிட்டு எப்படித் தெரியும்? இப்படிச் சாயுங்க."

வேல்பாண்டி அண்ணன் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு டீச்சரின் தோள்மேல் சாய்ந்து பார்த்தார்.